அத்தை கொண்டுவந்த உப்பு

சவேரியார் தெருவுக்குள் கருவாட்டு வாசம் வரக்கூடாது என்று முடிவாகி இரண்டு வருடம் ஆகிறது. யார் முடிவு செய்தது என்று லிடியாவைக் கேட்டால் காறித் துப்பிவிட்டுத்தான் பதில் சொல்வாள். சனிக்கிழமை சாயங்காலம் காரில் வந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் காரில் போகிறவர்களுக்காக, அவர்களுக்கு அறை விடுகிறவர்கள் கூடி எடுத்த முடிவு அது. தெருவில் பிறந்து வளர்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கொடுத்த சமோசாவைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து அனுமந்தை கிராமத்திலிருந்து கருவாடு விற்க வந்து உப்பு வாங்கிப்போகிற மங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாகத்தான் வருகிறாள். தப்பித்தவறி முன்பக்கம் வந்துவிட்டால் தேவா என்கிற விடுதி மேனேஜர் ஓடிவந்து, கெஸ்ட் இருக்காங்க, கெஸ்ட் இருக்காங்க என்று கோழி விரட்டுவதுபோல் கையை ஆட்டுவான்.

மரக்காணம் மாதா கோயிலுக்குப் பின்னால், உப்பளத்தைப் பார்த்தபடி நீளும் தெரு அது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் தெரு என்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். முன்வரிசை முழுக்க விடுதிகள். வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் கொஞ்சம். வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒதுங்கிக்கொண்டவர்கள் மிச்சம். ஒரு விடுதியின் வாசல் சுவரில் பாத்தியில் உப்பை இழுத்துச் சேர்க்கிற வாருபலகையை ஆணியடித்து மாட்டி, அதன்மேல் மஞ்சள் விளக்கு ஒன்றையும் எரிய விட்டிருந்தார்கள். அது மரியசூசை வீட்டுப் பலகை. மரியசூசையின் பெண்டாட்டி ஸ்தெல்லாதான் அதைத் தினமும் சம்பளத்துக்குத் துடைக்கிறாள். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். துடைக்கிறவளைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வார்கள்.

பின்வரிசையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேராக அடைந்து கிடந்தார்கள். கட்டட வேலை, அடுப்படி, நீச்சல் தொட்டி கழுவுவது எல்லாம் அவர்கள் தலையில். படுக்கை விரிப்புகளைத் துவைப்பது தெருப் பெண்களின் பங்கு. என்னென்ன கறையோடு வரும் என்று சொல்ல வாய் கூசும். வெள்ளைக்காரப் படத்தில் வருவதுபோல் வரிசையாக அவை காய்வதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பக்கத்தில் போனால்தான் பிளீச்சிங் பவுடர் மூக்கில் ஏறும்.

ஆனாலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லார் வீட்டிலும் ஏசி வந்துவிட்டது. பிள்ளைகள் புதுச்சேரிக்கு வேனில் போய் இங்கிலீஷில் படிக்கிறார்கள். கல்யாணத்துக்கு மூன்று வகைக் கறி போடுகிறார்கள். லிடியாவின் வீட்டிலும் அதே கதைதான். தம்பி பெலிக்ஸ் செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிற லாரி வாங்கி விட்டிருந்தான். முகப்பில் வேளாங்கண்ணி மாதா துணை என்று எழுதி, பின்னால் தன் போன் நம்பரையும் எழுதி வைத்திருந்தான். இத்தனை விடுதி வந்தபிறகு அவன் போன் ஓய்ந்ததே இல்லை. அந்த லாரிதான் தரைக்கு டைல்ஸ் போட்டது, பிரிஜ் வாங்கியது, புதுச்சேரியிலிருந்து கிறிஸ்டியைக் கட்டிக்கொண்டு வந்தது.

லிடியா படுக்கை விரிப்பைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். புருஷன் செத்து அப்பா வீட்டுக்கே திரும்பியவள். அப்பா அந்தோணிதாஸ் குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகளில்தான் அவளுக்குப் பிழைப்பு. மாசியிலிருந்து புரட்டாசி வரை மிதிப்பாள், வாருவாள், சுமப்பாள். ஊரான் தின்னு கழிச்சதை நான் துவைக்கமாட்டேன் என்று தெருவே கேட்கும்படி சொல்வாள். தெருப் பெண்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சிரிப்பதற்கு லிடியாவுக்கும் ஒன்று இருந்தது. உப்பளத்துக்காரர்கள் வீட்டில் பாக்கெட் உப்பு. அண்ணாச்சி கடையில் ஸ்தெல்லா பாக்கெட் உப்பு வாங்குவதைப் பார்த்துவிட்டு, காசு வந்தா நாக்குகூட நிறம் மாறிடும் போலிருக்கு என்று அவள் நக்கலடித்தாள். ஒரு வீட்டில் தொடங்கியது தெரு முழுக்கப் பரவியது. கடைசியில் போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் அப்பாவே பாக்கெட் உப்போடு வந்து நின்றார். கிறிஸ்டி மாசமாக இருக்கிறாள், அயோடின் வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். லிடியா தலையில் அடித்துக்கொண்டாள். பெருமை பிடித்து ஆட்டுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தக் குழந்தைக்குத்தான் இன்று ஞானஸ்நானம்.

சவேரியார் தெருவில் ஞானஸ்நானம் கோயிலோடு முடிந்துவிடாது. வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் பார்க்க, குழந்தையின் நாக்கில் ஒரு கல் உப்பு வைக்க வேண்டும். முன்னே கோயிலிலேயே சாமியார் வைப்பாராம். கோயில் அதை விட்டுவிட்டது, தெரு விடவில்லை. உப்பைக் கொண்டுவர வேண்டியவள் அத்தை. அன்று காலை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சொந்தப் பாத்திக்குப் போய்த் தன் கையால் எடுத்துவர வேண்டும். நாக்கில் வைக்க வேண்டியவன் அப்பன். குழந்தை முகத்தைச் சுளித்து நாக்கைச் சப்புக்கொட்டினால் எல்லாரும் சிரித்துக் கைதட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் பந்தி. லிடியாவுக்குப் பிள்ளை இல்லை. தம்பி பிள்ளைக்கு உப்பு வைக்கிற இந்த ஒரு நாளுக்காக அவள் எட்டு மாதமாகக் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையில் யாரும் உப்பளத்தில் இறங்கமாட்டார்கள். முதல் பூசை மணி அடித்தபோது அவள் வெள்ளிக் கிண்ணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். தெருவே கோயிலில் இருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. வெயில் இன்னும் ஏறவில்லை. பாத்திகளில் வானம் அப்படியே படுத்துக் கிடந்தது. அவர்கள் பாத்தியின் ஓரத்தில் உப்பு ஏடு கட்டியிருந்தது. குனிந்தவள் பழக்கதோஷத்தில் ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அப்படித்தான் பார்ப்பாள். டிகிரி பார்க்கிற கருவியெல்லாம் அவளுக்குத் தேவையில்லை. நாக்கு சொல்லிவிடும்.

கசந்தது. கசப்புக்குப் பின்னால் வேறு என்னவோ இருந்தது. கொஞ்ச நாளாகவே அது இருந்தது. பாத்தி மூலைகளில் நுரை ஒதுங்குவதையும் கையால் வழித்து எறிந்திருக்கிறாள். குவித்து வைத்த உப்பில் ஈ உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறாள். உப்பில் எங்கேயாவது ஈ உட்காருமா? மங்கம்மா கூடையோடு வந்துபோனதால் இருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மோட்டார் சத்தம் கேட்டது.

கழுவெளி ஏரியிலிருந்து பாத்திகளுக்குத் தண்ணீர் வருகிற ஓடையின்மேல் ஒரு சின்னப் பாலம் உண்டு. பாலத்தின்மேல் லாரி நின்றிருந்தது. வேளாங்கண்ணி மாதா துணை. பின்னாலிருந்து தடித்த குழாய் ஒன்று ஓடைக்குள் இறங்கியிருந்தது. பெலிக்ஸ் கைலியை மடித்துக் கட்டி, மூக்கில் துண்டு சுற்றிக்கொண்டு குழாயை மிதித்தபடி நின்றிருந்தான். குழாய் கக்கிக்கொண்டிருந்தது. நாற்றம் காற்றோடு வந்து அவள் முகத்தில் அறைந்தது. சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஊரான் தின்று குடித்துக் கழித்தது மொத்தமும், கருப்பாக, கட்டி கட்டியாக, துடைத்த காகிதத்தோடு, அவள் பாத்திக்கு வருகிற தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது.

அவன் அவளைப் பார்த்துவிட்டு மோட்டாரை நிறுத்தினான்.

“நீ பூசைக்குப் போகலியா?” என்று கேட்டான்.

“இங்க என்னடா பண்ற?”

“தேவா விடியக்காலமே போன் பண்ணிட்டான்க்கா. டேங்க் ரொம்பி பாத்ரூம்ல மேல வந்துடுச்சாம். உள்ள பூரா கெஸ்ட்டு. ஓனர் வேற வந்திருக்காரு. நான் என்னா பண்றது சொல்லு.”

“அதுக்கு இங்க ஊத்துவியா?”

“வேற எங்க ஊத்தறது? கழிவ சுத்தம் பண்ற பிளான்ட்டு எங்கியோ இருக்குது. போயி கியூல நின்னு ஊத்திட்டு வர்றதுக்குள்ள பாப்பாவுக்கு ஞானஸ்நானமே முடிஞ்சிடும். குளிச்சிட்டுக் கோயிலுக்கு வேற வரணும்.”

அதைச் சொல்லும்போது அவன் குரலில் நிஜமாகவே அவசரம் இருந்தது. மகள் ஞானஸ்நானத்துக்கு நேரமாகிறதே என்கிற நல்ல அப்பனின் அவசரம். லிடியாவுக்கு அதுதான் முதலில் குமட்டியது. இன்றைக்கு மட்டும்தானா என்று கேட்டாள். அவன் குழாயைப் பார்த்தான்.

“ஞாயித்துக்கிழமைல மட்டும்தான்க்கா. எல்லாம் பூசைல இருப்பாங்க இல்ல. கடல் ஏத்தம் வந்தா அடிச்சிக்கிட்டுப் போயிடும். அப்பா திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாத்திக்குத் தண்ணி எறைக்க இஞ்சினே போடறதில்ல, நீயே பாக்குற இல்ல.”

ஆறுதலாகத்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

பெலிக்ஸ் மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். “கத்தாதக்கா. தெருவுல எல்லாருக்கும் தெரியும். உன் வாய்க்குப் பயந்துகிட்டுத்தான் உங்கிட்ட யாரும் சொல்லல.”

அவள் கத்தவில்லை. அப்படியே வரப்பில் குந்தி வாந்தி எடுத்தாள். வெறும் வயிறு, மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. தினமும் காலையில் அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தது அவள். அண்ணாச்சி கடையில் பாக்கெட் உப்பு வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அவள் கண்முன்னால் வந்து போனார்கள். பெருமையும் இல்லை, டாக்டரும் இல்லை. தங்கள் உப்பு என்ன உப்பு என்று தெரிந்துதான் அத்தனை பேரும் பாக்கெட்டுக்கு மாறியிருந்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மாறியிருந்தார்கள்.

பெலிக்ஸ் லாரியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான்.

“வேணாம். நான் பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது. உன் பொண்ணுக்கு உப்பு எடுக்கணும்” என்றாள் லிடியா.

அவன் லாரியை எடுத்துக்கொண்டு போனான். பிறகு எழுந்து தன் பாத்திக்குப் போய் வெள்ளிக் கிண்ணம் நிறைய உப்பை அள்ளினாள். அவள் மனதில் ஒரே ஒரு கணக்குதான் ஓடியது. ஊர் முன்னால், சாமியார் முன்னால், இந்த உப்பைத்தான் அவன் கையில் கொடுக்கப்போகிறாள். பெற்றவன் இதைப் பிள்ளை நாக்கில் வைப்பானா? மாட்டான். கை நடுங்கும், கிண்ணத்தைக் கீழே வைப்பான், ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், அவன் வாயாலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஊற்றுவது இன்றோடு நின்றுபோகும். அவள் கத்தவே வேண்டியதில்லை.

வீட்டில் பின்பக்கச் சந்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்பக்கம் போட்டால் விடுதிக் கார்களுக்கு இடைஞ்சலாம். பிரியாணி அண்டா ஏறியிருந்தது. அப்பா கொல்லையில் கண்ணாடியைச் செவ்வாழை மரத்தில் மாட்டி வைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். சமையலறை அலமாரியில் இன்னொரு கிண்ணத்தில் பாக்கெட் கல்லுப்பு தயாராக இருந்தது. தூக்கிப் பார்த்தால் ஒரே அளவாக, தேய்த்த பல்போல் வெள்ளை. அவர்தான் வாங்கி வைத்திருக்கிறார். அத்தை எதைக் கொண்டுவந்தாலும் கடைசி நேரத்தில் மாற்றிவிடலாம் என்கிற ஏற்பாடு.

“ஏம்பா, இதுவும் டாக்டரு சொன்னதா?” என்று அவள் கிண்ணத்தைக் காட்டினாள்.

அந்தோணிதாஸ் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடி வழியாகவே மகளைப் பார்த்தார். பெலிக்ஸ் போனில் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“நம்ம உப்பு யாரு வாய்க்கும்மா போவுது? மீனுக்குப் போவுது, தோலு பதம்பண்ணப் போவுது. அதுவும் வெயில்ல காயுற பொருளு. வெயிலு எல்லாத்தையும் கொன்னுடும்.”

“அப்பறம் நீ ஏன் அதைத் துண்ணல?”

அவர் தாடையை ஒருபக்கமாக இழுத்துப் பிடித்துக் கத்தியை வைத்தார்.

“நான் தெனமும் வெரலத் தொட்டு நாக்குல வெச்சேன். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்த?”

“டிகிரி பாக்குற கருவி வாங்கித் தர்றேன்னு பொங்கலுக்கே சொன்னேன். நீதான் எனக்கு எதுக்குன்ன.”

சொன்னது நிஜம். சொன்னார்தான். கருவி விலையைக்கூட விசாரித்து வந்திருந்தார். நாக்கு இருக்கும்போது கருவி எதுக்கு என்று அவள் வீறாப்பாகப் பேசியதும் நிஜம். பெற்ற மகள் பீத்தண்ணீரை நக்குவதைத் தடுக்க அவரால் முடிந்தது அவ்வளவுதான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னிக்கு நல்ல நாளு, நாளைக்குப் பேசிக்கலாம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். லிடியா அலமாரியைத் திறந்து அவர் வைத்த கிண்ணத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளினாள்.

கோயிலில் எல்லாம் முறையாக நடந்தது. பெலிக்ஸ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வந்தான். பசாசை விட்டுவிடுகிறீர்களா, அதன் செயல்களை எல்லாம் விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டபோது, விட்டுவிடுகிறேன் என்று கணீரென்று பதில் சொன்னான். பின்னால் நின்ற தெருவும் சேர்ந்து சொன்னது. தண்ணீர் ஊற்றியபோது குழந்தை அழவில்லை. நல்ல பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள். அத்தனை வாயும் பாக்கெட் உப்பு தின்ற வாய் என்று லிடியா நினைத்துக்கொண்டாள்.

பந்தலில் கூட்டம் நிறைந்தது. விடுதி ஓனரும் அவர் மனைவியும் பெரிய பொம்மைப் பெட்டியோடு வந்து பெடஸ்டல் ஃபேனுக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். விடிகாலையில் தங்கள் கழிவை அள்ளிக்கொண்டு போன லாரிக்காரன் வீட்டில் சாப்பிட வந்தது எவ்வளவு பெரிய மனசு என்று தேவா பார்க்கிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி முதல் இலையில் மங்கம்மா. புதுச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, குழந்தைக்கு ஒரு கவுனும் கிறிஸ்டிக்கு ஒரு பை இறாலும் கொண்டுவந்திருந்தாள். தன்மேல் மீன் வாசம் அடிக்கிறதோ என்று ரெண்டு தடவை லிடியாவிடம் கேட்டுவிட்டாள். இல்லக்கா என்று சொல்லும்போது லிடியாவுக்குத் தன் விரலின் நாற்றம் மூக்கில் ஏறியது.

கிறிஸ்டி குழந்தையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணி, உப்பு என்று சிரித்தாள். லிடியா கிண்ணத்தைக் கொண்டுபோய் பெலிக்ஸின் கையில் கொடுத்தாள்.

மூடியிருந்த கைக்குட்டையை அவன் எடுத்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாக்கெட் உப்பு வெள்ளையாக இருக்கும். இது லேசாகச் சாம்பல் பூத்து, ஒன்று பெரிது ஒன்று சிறிதாக, ஈரத்தோடு இருந்தது. அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. அந்தோணிதாஸ் சமையலறைப் பக்கம் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு பந்தல் காலைப் பார்க்கத் தொடங்கினார். ஓனர் மனைவி எழுந்து வந்து செல்போனை உயர்த்தி, இவங்க டிரடிஷன் எவ்ளோ ஸ்வீட்டா இருக்கு என்று சொல்லி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். வைப்பா, பந்திக்கு நேரமாவுது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

லிடியா காத்திருந்தாள். இப்போது கை நடுங்கும். இப்போது கீழே வைப்பான்.

பெலிக்ஸ் கிண்ணத்தில் இரண்டு விரலை விட்டுத் துழாவினான். இருப்பதிலேயே சின்னக் கல்லாகப் பொறுக்கினான். சட்டை ஓரத்தில் அதை லேசாகத் துடைத்தான். ஓனரைப் பார்த்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் குனிந்தான். குழந்தை பால் என்று நினைத்து வாயைத் திறந்தது.

சின்னக் கல்லாகப் பொறுக்கினானே, அதை லிடியா சாகிறவரை மறக்கமாட்டாள்.

அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். கிண்ணம் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. உப்பு கிறிஸ்டியின் பட்டுச்சேலையிலும் குழந்தையின் வெள்ளை கவுனிலும் சிதறியது. குழந்தை வீறிட்டது. லிடியா வெறி பிடித்தவள்போல் குழந்தையின் உதட்டையும் கன்னத்தையும் முந்தானையால் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“இந்த உப்பு வேணாம்” என்றாள்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலு பேர் கேட்பார்கள் என்று காலையில் கணக்குப் போட்டிருந்தாளே, ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. மரியசூசை தன் இலையை நேராக்கினார். ஃபாதருக்குப் புரியவில்லை, அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர், ஏதோ குடும்பச் சண்டை என்று எண்ணிக் கடிகாரத்தைப் பார்த்தார். கிறிஸ்டி மட்டும் உங்களுக்கு என்ன அண்ணி ஆச்சு என்று அழுதாள். அதற்குள் ஸ்தெல்லா எழுந்து தன் வீட்டைப் போல் சமையலறைக்குள் போனாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்த கிண்ணத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரே அளவான வெள்ளை உப்பு. பெலிக்ஸ் கையைக் கழுவிக்கொண்டு அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து மகளின் நாக்கில் வைத்தான். குழந்தை முகத்தைச் சுளித்துச் சப்புக்கொட்டியது. எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். ஓனர் மனைவி மறுபடி முதலிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

லிடியாவுக்கு எல்லாரையும் பார்க்க அருவருப்பாக இருந்தது. அவன் வைக்கமாட்டான் என்று நம்பி, பச்சைப் பிள்ளையின் வாயைப் பந்தயத்தில் வைத்தவள் அவள்தான். ஒரு நொடி பிந்தியிருந்தால்? கூட்டத்தோடு தன்னையும் சேர்த்துத் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்ப வாயில் எச்சில் இல்லை. யாரோ அவள் கையில் குழம்பு வாளியைத் திணித்து, முதல் வரிசைக்கு ஊத்து என்றார்கள். ஊற்றிக்கொண்டே போனாள்.

மங்கம்மா பிரியாணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மே, அந்த உப்பை ஏன் வேணாம்னுட்ட?” என்று மெதுவாகக் கேட்டாள். “நல்லாத்தானே இருந்துச்சு. நான் தெனமும் உங்கிட்டதானே வாங்கிட்டுப் போறேன். அதுல ஏதாச்சும் இருக்குதா?”

அந்தத் தெருவில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அனுமந்தையில் அவள் மணலில் பரத்துகிற கருவாடு, அதை வாங்கிப் பொரித்துத் தின்கிற வீடுகள், அவள் பேரப்பிள்ளைகள். காலையிலிருந்து லிடியாவுக்கு இவர்கள் ஒருவர் நினைப்பும் வரவில்லை. இப்போது வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. மங்கம்மா நிறுத்திவிட்டால் அனுமந்தையே நிறுத்திவிடும், பாத்தி போய்விடும், பாத்தி போனால் அவளுக்கு மிஞ்சுவது ஊரான் படுக்கை விரிப்பு. எதிரில் அந்தோணிதாஸ் கையில் அப்பளத் தட்டோடு நின்று மகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்லக்கா” என்றாள் லிடியா. “ஈரம் காயல. பச்சப்புள்ளைக்கு ஆவாதேன்னுதான்.”

“அதான பாத்தேன். எதுக்கு இந்த ஆட்டம் ஆடறேன்னு பயந்தே பூட்டேன்.” மங்கம்மா சிரித்துக்கொண்டே பிரியாணியைப் பிசைந்தாள். “நாளைக்கி ஆட்டோ அனுப்பறேன், எனக்கு ரெண்டு மூட்டை கட்டி வையி.”

“சரிக்கா” என்று சொல்லி, லிடியா அவள் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.